பிளந்த கியரை ஒட்டலாமா? சிக்கி நிற்கும் சின்ன நீராவி எஞ்சினைச் சரிசெய்வது பற்றி

முதலில் நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பிறகு படிக்க வருபவர்களுக்கும் புரியட்டும். பழைய பொருள் சந்தையில் ஓஓ அளவு (நிஜத்தில் 76-இல் ஒரு பங்கு) நீராவி எஞ்சின் மாடல் ஒன்றை வாங்கியிருக்கிறீர்கள். 1990 வாக்கில் செய்தது, பக்கத்துக்கு மூன்று பெரிய சக்கரம், மின்சாரத்தில் ஓடுவது. கரண்ட் கொடுத்தால் மோட்டார் சுற்றுகிறது, எஞ்சின் ஒரு முழம் நகர்கிறது, 'டிக்' என்கிறது, சக்கரங்கள் பூட்டிக்கொண்டு நின்றுவிடுகின்றன. கழற்றிப் பார்த்தால் நடு அச்சில் இருக்கும் வெள்ளை பிளாஸ்டிக் கியரில் மயிரிழை போல ஒரு வெடிப்பு. 'ஃபெவிக்விக் விட்டு ஒட்டலாமா, இல்லை பித்தளை கியர் போட்டுவிடலாமா?' என்று கேட்கிறீர்கள். இரண்டும் வேண்டாம். காரணத்தைக் கீழே சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கும் இன்னொரு கேள்வியைப் பிரித்துக்கொள்ள வேண்டும். வெடித்த கியர் 'டிக்' என்று சத்தம்தான் போடும், அதனால் மட்டும் சக்கரங்கள் பூட்டிக்கொள்ளாது. பூட்டிக்கொள்வது வேறொரு கோளாறு. கியரை மட்டும் மாற்றி மூடிவைத்தால் மறுநாளும் அதே முழத்தில் நிற்கும்.

நான் படித்தது ஃபிட்டர் தொழில். இருபது ஆண்டுகளுக்கும் மேலாக மாலை நேரங்களில் இந்தச் சின்ன எஞ்சின்களைப் பிரித்துப் பூட்டி வருகிறேன். என் மேசைக்கு வந்த பழைய எஞ்சின்களில் உங்களுடையதைப் போல பிளந்த கியரோடு வந்தவைதான் அதிகம். எஞ்சினை நேரில் பார்க்காமல் சொல்வதால் அளவுகளில் கொஞ்சம் மாறலாம், அவற்றை நீங்கள்தான் அளந்து பார்க்க வேண்டும். கோளாறின் தன்மையில் எனக்குச் சந்தேகம் இல்லை.

கியர் ஏன் பிளந்தது? கியரின் ஓட்டையை அச்சைவிட ஒரு துளி சின்னதாக வைத்து அழுத்திச் செருகுவார்கள். அந்த இறுக்கம்தான் கியரை அச்சோடு பிடித்து வைக்கிறது. ஒல்லி விரலுக்குச் செய்த மோதிரத்தைத் தடித்த விரலில் மாட்டியது போல, பிளாஸ்டிக் எந்நேரமும் இழுபட்டே இருக்கிறது. எஞ்சின் ஓடினாலும் சரி, பெட்டிக்குள் துணி சுற்றிக் கிடந்தாலும் சரி, இந்த இழுவிசை ஓய்வதில்லை. அச்சில் பிடிமானத்துக்காகக் கீறல் வரிகள் போட்டிருந்தால் அவற்றின் கூர்முனையிலிருந்து வெடிப்பு கிளம்பும். கியரில் மெலிந்த இடம் இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள பள்ளம், அதனால் பெரும்பாலும் அங்கேதான் பிளக்கும். ஒரு தடவைகூட ஓடாத, பெட்டி பிரிக்காத எஞ்சின்களிலும் கியர் பிளந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன். அதனால் முந்தைய உரிமையாளர் முரட்டுத்தனமாக ஓட்டியிருப்பார் என்று நினைக்க வேண்டியதில்லை. தவறான எண்ணெய் போட்டதால்தான் பிளக்கிறது என்று சிலர் உறுதியாகச் சொல்வார்கள். அது சந்தேகத்துக்குரியது. எண்ணெயே படாத கியர்களும் பிளந்திருக்கின்றன. சில எண்ணெய்கள் வெடிப்பை விரைவுபடுத்தலாம், முதல் காரணம் இறுக்கமும் வயதும்தான் என்பது என் கணிப்பு.

சரி, ஃபெவிக்விக் விஷயம். இந்தக் கியர்கள் நைலானிலோ அசிட்டாலிலோ செய்தவை. இரண்டும் வழுவழுப்பானவை, தம் மேல் எதையும் எளிதில் ஒட்டவிடாதவை. கியர் செய்ய அவற்றைத் தேர்ந்தெடுப்பதே அந்த வழுக்கும் குணத்துக்காகத்தான், அதே குணம் பசையையும் தள்ளிவிடுகிறது. ஒட்டிய இடம் கையில் உறுதியாகத் தெரியும், அச்சில் செருகிய நிமிடமே பழைய இழுவிசை அதைத் திறந்துவிடும். ஒருவேளை ஒட்டிக்கொண்டாலும், பிளந்த இடத்தில் பள்ளம் மற்றப் பள்ளங்களைவிட அகலமாகவே இருக்கும். மோட்டார் தண்டில் இருக்கும், திருகாணி போன்ற வார்ம் கியரின் புரி ஒவ்வொரு சுற்றிலும் அந்த அகலப் பள்ளத்துக்கு வரும்போது தடுக்கும். நீங்கள் கேட்கும் 'டிக்' அதுதான். இன்னொரு ஆபத்து, ஃபெவிக்விக் தண்ணீர் போல ஓடி அச்சின் தாங்கிக்குள் புகுந்துகொண்டால் நன்றாக இருக்கும் பாகமும் கெட்டுவிடும்.

ஒட்டுப்போட்டு ஓட்டும் வழிகள் இல்லாமல் இல்லை. கியரின் கழுத்துப் பகுதியில் பித்தளைக் குழாய்த் துண்டை வளையம் போல இறுக்கி மாட்டலாம். ஓட்டையை ரீமரால் ஒரு துளி பெரிதாக்கினால் பிளவு மூடிக்கொள்ளும். இரண்டையும் செய்து பார்த்திருக்கிறேன். வளையம் போட்ட ஒன்று நான்கு ஆண்டுகள் ஓடியது, இன்னொன்று இரண்டே மாதத்தில் வாயைத் திறந்தது. மாற்றுக் கியர் எங்கும் கிடைக்காத அபூர்வ எஞ்சினுக்கு அப்படிச் செய்யலாம். உங்கள் வகைக்கு மாற்றுப் பாகங்கள் இன்றும் விற்கிறார்கள்.

பித்தளை கியர் ஏன் வேண்டாம் என்பது இதைவிட முக்கியம். நீங்கள் அனுப்பிய படத்தில் சட்டம் இடப்பாதி வலப்பாதி என இரண்டு உலோகத் துண்டுகளாக இருக்கிறது. ஸ்ப்ளிட் சேசிஸ் என்பார்கள். இடது தண்டவாளத்தின் மின்சாரம் இடது சக்கரம் வழியாக இடப்பாதிச் சட்டத்துக்கும், வலது தண்டவாளத்தினுடையது வலப்பாதிக்கும் போய், அங்கிருந்து மோட்டாருக்குச் சேர்கிறது. அதனால் அச்சும் ஒரே கம்பியாக இருக்க முடியாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் அரை அச்சு உண்டு, இரண்டு அரை அச்சுகளையும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் குழாய் சேர்த்துப் பிடிக்கிறது. உங்கள் வெள்ளைக் கியர் அந்தக் குழாயோடு ஒன்றாக வார்த்தது. ஆக, அது கியர் வேலை, இரண்டு பக்கத்தையும் இணைக்கும் வேலை, மின்சாரத்தைப் பிரித்து வைக்கும் வேலை என மூன்று வேலை செய்கிறது. அந்த இடத்தில் பித்தளையைச் செருகினால் நேராக ஷார்ட் சர்க்யூட்தான்.

இரண்டாவது வேலையைக் கவனியுங்கள், அங்கேதான் பூட்டிக்கொள்வதன் ரகசியம் இருக்கிறது. குழாய் பிளந்ததும் அதன் பிடி தளர்கிறது. இடது சக்கரம் ஒரு பக்கம் நழுவ, வலது சக்கரம் தன் போக்கில் நிற்கிறது. இரண்டுக்கும் இடையில் இருக்க வேண்டிய கோணம் போய்விடுகிறது. அந்தக் கோணம் 90 டிகிரி. நிஜ எஞ்சினில் இரண்டு சிலிண்டர் இருந்தால், ஒரு பக்கத்துப் பிஸ்டன் ஓட்டத்தின் கோடியில் வலுவிழந்து நிற்கும்போது மறுபக்கத்துப் பிஸ்டன் நடுவில் முழு வலுவோடு தள்ள வேண்டும். அதற்காகத்தான் சக்கரத்தைச் சுற்றவைக்கும் கையான கிராங்கை, இடது பக்கத்தில் ஒன்றும் வலது பக்கத்தில் ஒன்றுமாக, கால் சுற்று விலக்கி வைக்கிறார்கள். குவார்ட்டரிங் என்ற பெயர் அப்படி வந்தது. நீராவி எஞ்சின் ஓடிக் கேட்டவர்களுக்குத் தெரியும், ஒரு சுற்றுக்கு நான்கு மூச்சு, சீரான இடைவெளியில். அந்தச் சீர் இந்தக் கோணம் கொடுப்பது.

மாடலில் நீராவி இல்லை, ஆனாலும் கோணம் வேண்டும். மோட்டார் சுற்றுவது நடு அச்சை மட்டும். முன், பின் அச்சுகளைக் கப்ளிங் ராடுகள், அதாவது ஒவ்வொரு பக்கத்துச் சக்கரங்களையும் வெளியே இணைக்கும் கம்பிகள், இழுத்துச் சுற்றுகின்றன. ஒரு பக்க ராடு முன்கோடியிலோ பின்கோடியிலோ இருக்கும் கணத்தில், அந்த ராடால் மற்ற அச்சுகளை எந்தத் திசையில் சுற்றுவது என்று சொல்ல முடியாது. அப்போது மறுபக்க ராடு மேலேயோ கீழேயோ இருந்து வழி சொல்கிறது. மூன்று அச்சுகளிலும் இந்தக் கோணம் ஒன்றுபோல இருக்கும்வரை எல்லாம் வழுக்கிக்கொண்டு போகும். ஒரு அச்சில் மட்டும் மாறினால் இடது ராடு ஒன்று சொல்ல, வலது ராடு வேறு சொல்ல, நடுவில் சக்கரம் நின்றுவிடும். உங்கள் எஞ்சினில் நடப்பது இதுவேதான்.

பாகங்களுக்குப் பணம் கட்டுவதற்கு முன் இரண்டு சோதனைகள் செய்யுங்கள். மேல்கூட்டையும் மோட்டாரையும் எடுத்துவிட்டு, சட்டத்தை ஒரு கண்ணாடித் தகட்டின் மேல் வைத்து விரலால் மெதுவாகத் தள்ளுங்கள். எங்கே இறுகுகிறது என்று பாருங்கள். கிராங்குகள் முன்கோடி, பின்கோடியில் இருக்கும்போது தளர்வாகவும் நடுவழியில் இறுக்கமாகவும் இருந்தால் கோணப் பிசகு. கோடிகளில்தான் இறுகுகிறது என்றால் ராடின் நீளமும் அச்சுகளின் இடைவெளியும் ஒத்துப்போகவில்லை. இந்த வித்தியாசத்தை விரல் நுனியில் உணரக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. பல பேர் இங்கே பொறுமையிழந்து, ராடின் ஓட்டையை அரத்தால் பெரிதாக்கிவிடுகிறார்கள். சிக்கல் மறைந்தது போலத் தெரியும், அப்புறம் எஞ்சின் நொண்டிக்கொண்டே ஓடும். அதை மட்டும் செய்யாதீர்கள்.

இரண்டாவது சோதனை சட்டத்தின் உடல்நிலை. இந்தச் சட்டங்கள் துத்தநாகக் கலப்பு உலோகத்தில் வார்த்தவை. பிரிட்டனில் மஸாக் என்றும் மற்ற இடங்களில் ஸமாக் என்றும் சொல்வார்கள். உருக்கும்போது ஈயம் போன்ற கலப்படம் கொஞ்சம் சேர்ந்துவிட்டாலும், ஆண்டுகள் போகப்போக உலோகம் உள்ளுக்குள்ளேயே அரிக்கப்பட்டு, உப்பி, வெடித்து, பிஸ்கட் போல உதிர்ந்துவிடும். நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி 1929-இல் 99.99 சதவீதத் தூய துத்தநாகத்தைக் கொண்டு ஸமாக்கை உருவாக்கியதே இந்த நோய்க்குத் தீர்வாகத்தான். ஆனால் எந்தத் தொழிற்சாலையிலும் ஒரு கலவை மட்டும் கெட்டுப்போக வாய்ப்புண்டு, அதனால் பிற்காலத்து எஞ்சின்களிலும் இது வருகிறது. சட்டத்தின் மேல் நுண்ணிய வெடிப்புகள், வாழைப்பழம் போல லேசான வளைவு, நீளத்தில் கூடுதல் ஆகியவை தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். இதற்கு மருந்து இல்லை. உப்பிய சட்டத்தில் அச்சுகளின் இடைவெளியும் கூடியிருக்கும், எத்தனை புதுக் கியர் போட்டாலும் ராடுகள் கோடியில் இறுகிக்கொண்டே இருக்கும். வேறு சட்டம் தேடுவதுதான் வழி. உங்கள் படத்தில் அப்படி எதுவும் தெரியவில்லை, இருந்தாலும் வெர்னியர் காலிப்பரால் இரண்டு பாதிகளையும் அளந்து ஒப்பிட்டுவிடுங்கள்.

பிரிப்பது எளிது. பிரிக்கும் முன் இரண்டு பக்கமும் படம் எடுங்கள். வலது கிராங்க் முந்துகிறதா இடது முந்துகிறதா என்று எழுதி வையுங்கள், ராடின் வெளிப்பக்கம், முன்பக்கத்துக்குப் பேனாவால் ஒரு புள்ளி போதும். ராடைச் சக்கரத்தோடு பிடிக்கும் கிராங்க் பின்களின் ஆறுமுகத் தலைக்குப் பொருந்தும் சின்ன பாக்ஸ் ஸ்பானர் வாங்கிவிடுங்கள், குறடு போட்டால் தலை மழுங்கிவிடும். சட்டத்தின் இரண்டு பாதியையும் பிடிக்கும் திருகாணிகளுக்குக் கீழே பிளாஸ்டிக் வில்லைகள் இருக்கும், அவை தொலைந்தாலும் ஷார்ட்தான். பாதிகள் புத்தகம் போலப் பிரிந்ததும் சக்கரங்கள் தாமாகக் கையில் வந்துவிடும். பிளந்த குழாயிலிருந்து அரை அச்சைக் கையாலேயே உருவலாம். மற்ற இரண்டு அச்சின் குழாய்களும் நல்லபடியாக இருக்கின்றன என்று விட்டுவைக்காதீர்கள். அவையும் அதே வயது, அதே பிளாஸ்டிக். மூன்றையும் ஒரே நேரத்தில் மாற்றிவிடுவேன், இதில் மிச்சம் பிடித்து மறுபடி பிரித்தவர்கள் நிறையப் பேர்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுடையது அச்சு ஒரே கம்பியாக இருக்கும் எஞ்சின் என்றால் சக்கரத்தைக் கையால் முறுக்கி எடுக்காதீர்கள். வீல் புல்லர் வேண்டும், அது சக்கரத்தின் நடுக்குமிழைப் பிடிக்க வேண்டும். விளிம்பைப் பிடித்து இழுத்தால் பிளாஸ்டிக் நடுப்பகுதியை விட்டு உலோக வளையம் கழன்றுவிடும். திரும்பச் செருகும்போது சுத்தியல் வேண்டவே வேண்டாம், பெஞ்ச் வைஸின் தாடைகளுக்கு நடுவே நேராக வைத்து அழுத்துங்கள். உலோகச் சக்கரம் உலோக அச்சில் தளர்ந்திருந்தால் லாக்டைட் 638 போன்ற பிடிப்பான் ஒரு துளி போதும். அது காற்றுப் படாத இடத்தில் உலோகத்தைத் தொட்டு இறுகுவது. பிளாஸ்டிக்கின் மேல் விட்டால் சில வகைகளை வெடிக்க வைக்கும், அதனால் உங்கள் குழாயில் அதைப் பயன்படுத்த வேண்டாம்.

மாற்றுக் கியர் வாங்கும்போது எஞ்சினின் பெயரை மட்டும் நம்பாமல் அளந்து வாங்குங்கள். பற்களின் எண்ணிக்கை, வெளிவிட்டம், ஓட்டை, அகலம் நான்கும் வேண்டும். வெளிவிட்டத்தைப் பற்களின் எண்ணிக்கையோடு இரண்டு கூட்டி வகுத்தால் பல்லின் அளவைச் சொல்லும் மாடியூல் கிடைக்கும். 20 பல், 8.8 மி.மீ. என்றால் 0.4. வார்மோடு சேரும் கியரில் பல் சாய்ந்திருப்பதால் இந்தக் கணக்கு சற்று முன்பின் வரும். அங்குலக் கணக்கில் 64 பிட்ச் என்று விற்பது மாடியூலில் 0.397, கிட்டத்தட்ட அதே அளவு. கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரியும், ஆனாலும் பழைய வார்மோடு புதுக் கியரைக் கையால் உருட்டிப் பார்த்து, தடுக்காமல் போகிறதா என்று உறுதி செய்த பிறகே செருகுங்கள். 3டி பிரிண்டரில் எடுத்த பாகங்களும் வருகின்றன. பல் இல்லாத குழாய்களுக்கு அவை பரவாயில்லை. ரெசினில் எடுத்த பற்களை நான் நம்புவதில்லை, உடையக்கூடியவை.

இப்போது கோணம். நேரத்தை இங்கே செலவிடுங்கள். கியர் இருக்கும் நடு அச்சுதான் அளவுகோல். இரண்டு அரை அச்சையும் புதுக் குழாயில் பாதி ஆழம் செருகி, கண்ணாடித் தகட்டின் மேல் நிறுத்தி, இடது கிராங்க் பின்னை நேர் கீழே கொண்டுவாருங்கள். மூலைமட்டம் வைத்துப் பாருங்கள். வலது பின் அச்சின் மையத்துக்குச் சமமான உயரத்தில், பழைய படத்தில் இருந்த அதே பக்கம் நிற்க வேண்டும். துல்லியமாக 90 வரவில்லையே என்று கவலைப்படாதீர்கள். 88 வந்தாலும் 92 வந்தாலும் பரவாயில்லை, மற்ற இரண்டு அச்சிலும் அதே எண் வந்தால் போதும். மூன்று சிலிண்டர் எஞ்சின்களின் நிஜத்தில் கிராங்குகள் 120 டிகிரியில் இருக்கும், அவற்றின் மாடல்களைக்கூட 90-இல் வைத்து ஓட்டுகிறோம். முக்கியமானது ஒற்றுமை. ஒரு அச்சில் வலது முந்தி, இன்னொன்றில் இடது முந்தி என்று மாற்றிப் பூட்டுவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. அப்படி இருந்தால் எவ்வளவு திருகினாலும் சரிவராது.

அடுத்த அச்சைக் கண்ணால் ஒப்பிட ஒரு நல்ல வழி உண்டு. அச்சை எடுத்து ஒரு பக்கச் சக்கரத்தின் ஆரக்கால்களுக்கு நடுவே மறுபக்க ஆரக்கால்களைப் பாருங்கள். அவை எங்கே வெட்டிக்கொள்கின்றன என்பது ஒவ்வொரு கோணத்துக்கும் ஒரு கோலம். நடு அச்சில் தெரியும் கோலமே முன் அச்சிலும் தெரியும்வரை அரை அச்சை விரலால் துளித்துளியாகத் திருப்புங்கள். பிறகு நடு அச்சையும் முன் அச்சையும் மட்டும் சட்டத்தில் வைத்து, ராடு போட்டு, தள்ளிப் பாருங்கள். வழுக்கிக்கொண்டு போகும்வரை முன் அச்சைத் திருத்துங்கள், நடு அச்சைத் தொடாதீர்கள். அது சரியான பிறகே பின் அச்சு. மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டுத் திருத்தினால் எது குற்றவாளி என்று தெரியாமல் இரவு முழுக்க உட்கார்ந்திருப்பீர்கள்.

எவ்வளவு துல்லியம் வேண்டும் என்பதற்கு ஒரு கணக்கு. 26 அங்குல பிஸ்டன் ஓட்டம் உள்ள நிஜ எஞ்சினில் கிராங்க் நீளம் 13 அங்குலம், ஓஓ அளவில் அது 4.33 மி.மீ. ஒரு டிகிரி பிசகினால் பின் நகர்வது சுமார் 0.075 மி.மீ., அதை ராடு ஓட்டையின் தளர்வு விழுங்கிவிடும். ஐந்து டிகிரி என்றால் 0.38 மி.மீ., அது சிக்கும். கண்ணும் விரலும் இரண்டு டிகிரிக்குள் கொண்டுவந்துவிடும், அதனால் சக்கரங்களைச் சரியான கோணத்தில் பிடித்து வைக்கும் விலை உயர்ந்த ஜிக் இல்லாமலே ஒரு எஞ்சினைச் செய்துவிடலாம். நிறையச் செய்யப் போகிறீர்கள் என்றால் ஜிக் வாங்குங்கள்.

கோணம் வந்ததும் அதைக் கலைக்காமல் அரை அச்சுகளை முழு ஆழத்துக்கு நேராக அழுத்துங்கள். சக்கரங்களின் உள்முகங்களுக்கு இடையே 14.4 முதல் 14.5 மி.மீ. இருக்க வேண்டும். தண்டவாள அகலம் 16.5 மி.மீ. சக்கர இடைவெளி குறைந்தால், தண்டவாளம் பிரியும் இடமான பாயிண்டில் ஏறித் தடம் புரளும், கூடினால் வளைவில் இறுகும். (ஓஓவில் எஞ்சின் 76-இல் ஒரு பங்கு, தண்டவாளமோ 87-இல் ஒரு பங்கான எச்ஓ என்ற இன்னொரு மாடல் அளவினுடையது. அளவுப்படி 18.83 மி.மீ. இருக்க வேண்டியது. அந்தக் குறையைப் பொறுக்க முடியாதவர்கள் அந்த அகலத்திலேயே தண்டவாளம் போட்டு ஓட்டுகிறார்கள். அவர்கள் வேலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மரியாதை கூடுகிறது.)

மோட்டாரைத் திரும்ப வைக்கும்போது வார்முக்கும் கியருக்கும் நடுவே ஒரு டிஷ்யூ காகிதத் துண்டை விட்டு உருட்டுங்கள். பல்லின் தடம் பதிய வேண்டும், காகிதம் கிழியக் கூடாது. ஆழமாகப் பதிந்தால் உறுமும், மோட்டார் சூடாகும். மேலோட்டமாகப் பிடித்தால் பல் வழித்துக்கொண்டு போகும். பழைய கெட்டிப்பட்ட கிரீஸை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, பிளாஸ்டிக்குக்குத் தீங்கு செய்யாது என்று எழுதியிருக்கும் எண்ணெயைக் குண்டூசி முனையால் வையுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெய் விட்டவர்களை அறிவேன். குளிரில் அது உறைந்து எஞ்சினை நிறுத்திவிடும், நாள்பட்டால் பிசின் போலப் பிடித்துக்கொள்ளும். சக்கரத்தின் விளிம்பில் கறுப்பு படிந்திருந்தால் உப்புத்தாள் போடாதீர்கள். முலாம் போனால் வீட்டில் திரும்பப் பூச முடியாது. ஆல்கஹால் நனைத்த துணியே போதும்.

ராடுகளை இறுக்கும்போது கிராங்க் பின் திருகாணியை முட்டும்வரை இறுக்காமல், ராடு பக்கவாட்டில் லேசாக ஆடும்படி விடுங்கள். பெட்டி எதுவும் கோக்காமல், குறைந்த வேகத்தில் முன்னோக்கி அரை மணி, பின்னோக்கி அரை மணி ஓட்டுங்கள். நிறுத்தியதும் மோட்டாரைத் தொட்டுப் பாருங்கள், கையில் இதமான சூடுதான் இருக்க வேண்டும். அப்புறம் சக்கர இடைவெளியை இன்னொரு தடவை அளந்துவிடுங்கள். புதுக் குழாயில் அரை அச்சு நழுவுவதாக இருந்தால் இந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். எந்த அச்சில் எவ்வளவு நகர்ந்தது என்று எழுதுங்கள், குழாய் தளர்வா, அச்சு தேய்ந்ததா என்று அதை வைத்துச் சொல்கிறேன்.